இரண்டாவது குலவை

முதல் நாள்

அருப்புக்கோட்டை டிரஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று, காரியாபட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் என்னிடம், "எங்க வேலை பாக்குறீக?" என்று கேட்டார். டிரஸ்ட் ஒன்றில் என்றேன். கையில் இருந்த பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, "அப்ப நல்ல வரும்படியா இருக்குமே" என்றார். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. வரும்படி என்றுதான் சொன்னார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பவர்லூம் தறிக்குப் போயிருந்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பிறகு பழகிவிட்டது. வீட்டுக்கு டைல்ஸ் பதித்தபோது, தெருவில் அதை நன்கொடைப் பணம் என்றார்கள். சொந்த அண்ணனே ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "ஏன் பஞ்சவர்ணம், ஒங்க ஆபீசுல கழிவு, அதான் கமிஷன், எம்புட்டு ஓடுது?" என்று கேட்டார். இலையை மடக்கிவிட்டு எழுந்து வந்தேன். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

களப்பணியாளராகச் சேர்ந்து, ஒருங்கிணைப்பாளராகப் போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது சாதனைகளை. அதற்கு ஆபீஸ் சுவரில் போட்டோக்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது தண்ணீர் வராத ஒரு போர்வெல்லைப் பற்றி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்கொடையாக வருகிற பணம் முழுவதும் ஏழை வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிடாது. ஜீப்புக்கு டீசல் வேண்டும், ஆபீசுக்குக் கரண்ட் வேண்டும். என் சம்பளமும் யாரோ கொடுத்த காசில்தான் வந்தது. இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது.

தண்ணீரும் புகையும்

பரளச்சிக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, மல்லி. பெய்யாவிட்டால் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். குடிதண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் பஞ்சாயத்துத் தொட்டிக்கு வரும். மற்ற நாட்களில் லாரிக்காரரிடம் குடம் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும்.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் ராக்கு. எங்கள் மகளிர் சங்கத்தில் உறுப்பினர். கூட்டத்துக்கு வந்தால் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் வாய் திறப்பாள். திறந்தால் அடுத்தவர் பேச முடியாது. அவளுடைய அண்ணன் இருளப்பன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். அவர்களுடைய அப்பா ஊர் ஊராகப் போய்க் கூலிக்குக் கிணறு வெட்டியவர். தங்கச்சி தண்ணீருக்கு அலைகிறாள் என்று தெரிந்து, இருளப்பன் தன் ரூமில் கூட இருந்தவர்களிடம் பேசி, கை மாற்றாகக் கேட்காமல் தர்மமாகக் கேட்டு, ஒரு போர் போடுவதற்கான பணத்தைத் திரட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெளியில் போய்ச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். பணத்தை எங்கள் டிரஸ்ட்டுக்கு அனுப்பினார். தனி ஆளிடம் கொடுத்தால் கேள்வி வரும், டிரஸ்ட்டிடம் கொடுத்தால் வராது என்று அவர் நினைத்திருக்கிறார்.

எங்கள் சீமையில் போர் போட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். நல்ல தண்ணீர் வரும், இல்லை உப்புத் தண்ணீர் வரும், இல்லை புகை வரும். புகை என்றால் வேறொன்றும் இல்லை, பாறையை அரைத்த தூசி. ரிக் வண்டிக்காரர்கள் "புகையாத்தான் வருது" என்று சொன்னால், ஈரமே இல்லை என்று அர்த்தம்.

எந்த இடத்தில் போர் போடுவது என்று பாயிண்ட் பார்ப்பதற்கு ஊர்க்காரர்கள் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். ஓர் இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது என்றார்கள். நான் பார்க்கும்போது படுத்துத்தான் கிடந்தது. அந்த இடத்தில்தான் திருச்செங்கோட்டு ரிக் வண்டி நின்றது.

காலையில் ஓட்ட ஆரம்பித்தார்கள். கரிசல் போனது, சுக்கான் கல் போனது, பாறை வந்தது. மதியம் வரைக்கும் புகைதான். நாங்கள் எல்லோரும் மாவு மில்லில் வேலை பார்த்தவர்கள் போல வெள்ளையாகி நின்றோம். சாப்பாட்டு நேரம் தாண்டிப் புகை சேறாக மாறியது. அடுத்து, பனை உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது.

ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். யாரும் போடச் சொல்லவில்லை. ராக்கு முன்னால் நின்று தலையோடு நனைந்துகொண்டு போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

எங்கள் செக்ரட்டரி தனபாலன் சார் அந்த நேரத்தில் போன் லாக்கைத் திறக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். ஈர விரலுக்கு அது திறக்கவில்லை. திறந்தபோது குலவை முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவ போடுங்கம்மா. சிங்கப்பூருக்கு அனுப்பணும்" என்றார்.

ராக்குவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனுஷி, "சாமிக்கே ஒரு தடவதான் சார் போடுறது. சிங்கப்பூருக்கு ரெண்டு தடவையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு முறை போட்டார்கள். அந்த வீடியோ அங்கிருந்தே போனது. ராக்கு அன்று ஊரில் பெரிய ஆளாகிவிட்டாள். அதுவரை அவளை இன்னார் மருமகள் என்றவர்கள், போர் போட்டுக் கொடுத்தவுக தங்கச்சி என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் மோட்டார் இறக்கினோம். தண்ணீர் வந்தது, கல்கண்டுத் தண்ணீர். சில நாட்கள் ஓடியது. பிறகு ஒரு காலையில் மோட்டார் இரைந்தது, குழாயில் காற்று வந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இது ஊத்துத் தண்ணி இல்லக்கா. பாறைக்குள்ள தேங்கிக் கெடந்தது. தீந்துபோச்சு" என்றார்.

ரிக் வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு, மிச்சம் இருந்த பணத்துக்கு இன்னும் ஆழம் போனோம். புகை. முழுக்கப் புகை. வண்டிக்காரர் பில்லைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடிக்குத்தாங்க காசு. தண்ணிக்கு இல்ல" என்றார். நியாயம்தான். மோட்டாரைத் தூக்கிவிட்டு, குழாய் வாயில் இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கிவிட்டு வந்தோம்.

பூமிக்குள் போன காசு

சிங்கப்பூருக்குத் தகவல் சொல்லிவிடுவோம் என்று மறுநாளே தனபாலன் சாரிடம் சொன்னேன். பொறுங்கள் என்றார். அடுத்த மாதமும் சொன்னேன். வேறு யாராவது பணம் கொடுத்தால் பக்கத்தில் இன்னொரு போர் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றார். யாரும் கொடுக்கவில்லை.

அவரைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வருடம் நன்கொடை ஒன்றும் வராதபோது, வீட்டு நகையை அடகு வைத்து எங்களுக்குச் சம்பளம் போட்டவர். ஆபீஸ் காசில் ஒரு டீ குடிக்க மாட்டார். அவருக்கு இருந்தது பயம்.

"நாம திருடலையே பஞ்சவர்ணம்" என்றார். "ஆனா தண்ணி வரலன்னு சொன்னா என்ன சொல்லுவாக? தின்னுட்டாய்ங்கம்பாக. கட்டடம்னா காட்டலாம். பசு மாடு வாங்கிக் குடுத்தா மாட்டக் காட்டலாம். பூமிக்குள்ள போன காச எப்படிக் காட்டுறது?"

பஸ்ஸில் மடியில் பையை இறுக்கிக்கொண்ட அம்மாள் நினைவுக்கு வந்தார். சார் சொல்வதும் உண்மைதானே என்று தோன்றியது. ஆனால் மனசு சமாதானமாகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இருளப்பன் லீவில் வருகிறார் என்று தகவல் வந்தது. குலசாமி கும்பிட வருகிறவர், போரையும் பார்த்து, ரூம் ஆட்களுக்கு நேரில் வீடியோ பேசிக் காட்டப்போகிறாராம். சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேசைக்குப் பக்கத்தில், பேப்பரில் சுற்றிய ஒரு தகரப் பலகை சாய்ந்திருந்தது. பிரித்துக் காட்டினார். நீலப் பெயிண்ட்டில் வெள்ளை எழுத்து. "உபயம்: சிங்கப்பூர் நண்பர்கள்."

"பஞ்சாயத்துத் தொட்டியில மாட்டிருவோம். அங்க தண்ணி வர்ற நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. லீவு முடிஞ்சு அவர் போயிட்டா அப்புறம் பாத்துக்கலாம். ஊர்லயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருங்க" என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காருங்கள் என்றார். உட்காரவில்லை.

"சார், ஒரு ஊரையே பொய் சொல்ல வைக்கணும். சொல்லுவாக. நாம அடுத்த உதவி செய்யாமப் போயிருவோமோங்கிற பயத்துல சொல்லுவாக. அடுத்த மாசம் அதே பொம்பளைக முன்னால உக்காந்து, கணக்கு வழக்குல நேர்மையா இருங்கன்னு நான் சங்கத்துக் கூட்டம் போடணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போடுவேன்?"

அவர் பலகைக்குப் பேப்பரைத் தேடினார்.

"நான் கூட்டிட்டுப் போறேன் சார். ஆனா போருகிட்டத்தான் கூட்டிட்டுப் போவேன். தொட்டிக்குன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

பலகையைத் திரும்பப் பேப்பரில் சுற்றினார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அன்று மாலையே ராக்குவைப் பார்க்கப் போனேன். லாரித் தண்ணீர் பிடிக்க வரிசையில் குடம் வைத்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குடத்தைக் காலால் முன்னே நகர்த்தினாள்.

"சொல்லாதீகக்கா" என்றாள்.

"நீ இதுவரைக்கும் என்ன சொல்லிட்டு இருக்க?"

"தண்ணி வருதான்னு கேப்பாரு. வருதும்பேன். லாரில வருதா, கொழாயில வருதான்னு அவரு கேக்கல, நானும் சொல்லல."

"ராக்கு."

"எங்கண்ணன் வெல்டு அடிச்சு அடிச்சுக் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. நாலு பேருகிட்ட கையேந்தி வாங்கி அனுப்புன காசு. அது பாழாப் போச்சுன்னு என் வாயால சொல்லச் சொல்றீகளா? அவரு ரூமுக்குப் போயி எப்படித் தல நிமிந்து படுப்பாரு?"

அவள் கவலை எனக்குப் புரிந்தது. டிரஸ்ட்டின் பெயரைவிட அதுதான் பெரிய கவலை. இருளப்பனை நம்பித்தான் அந்த ரூமில் பணம் கொடுத்தார்கள். எங்களை அவர்களுக்குத் தெரியாது. விஷயம் வேறு வழியாகத் தெரிந்துவிட்டால், திருடன் என்ற பெயர் எங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் வரும். பக்கத்துப் படுக்கையில் படுத்திருக்கிறவன் சொல்வான். இதைத்தான் ராக்குவிடம் சொன்னேன். இன்றைக்கு நாம் மறைத்தால், நாளைக்கு அவர் மாட்டிக்கொள்வார் என்றேன்.

வரிசை நகர்ந்தது. அவள் குடத்தை நகர்த்த மறந்துவிட்டாள். பின்னால் இருந்தவர் சத்தம் போட்ட பிறகுதான் நகர்த்தினாள்.

"நானும் அங்கன வந்து நிக்கிறேன்" என்றாள்.

நேராக விடு

இருளப்பன் வந்த அன்று ஆபீசில் சார் அவருக்குச் சால்வை போர்த்தினார். இருளப்பனுக்கு அந்த மரியாதை பழக்கமில்லை. சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார். ஜீப்பில் சார் முன்னால் ஏறினார். நானும் இருளப்பனும் பின்னால். எங்கள் காலடியில் பேப்பர் சுற்றிய பலகை கிடந்தது.

வழி நெடுக அவர் ரூமைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். ராமநாதபுரம் பக்கத்து மேசன் ஒருவர் இருக்கிறாராம். சோறு வடிக்கும்போது அந்தக் குலவை வீடியோவைப் போடுவாராம். "ஊர்ல திருவிழாவுக்கு நிக்கிற மாதிரி இருக்கும்க்கா" என்றார்.

ஊருக்கு முன்னால் பாதை பிரியும். வலது பக்கம் திரும்பினால் பஞ்சாயத்துத் தொட்டி. நேராகப் போனால் போர். டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "எங்கிட்டு சார்?" என்று கேட்டார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேரா விடுப்பா" என்றேன்.

சார் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நேராகப் போனது.

ராக்கு சொன்னபடி வந்து நின்றிருந்தாள். கையில் காலிக் குடம். எங்கே கிளம்பினாலும் குடத்தோடு கிளம்பியே அந்த ஊர்ப் பெண்களுக்குப் பழகிவிட்டது. இருளப்பன் இறங்கினார். தங்கச்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போரைப் பார்த்தார். இரும்பு மூடி, துருப்பிடித்த போல்ட், சுற்றிலும் முளைத்த கருவேலங்கன்று.

"மோட்டாரு எங்கக்கா?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு வந்த தண்ணீர் உண்மை. மோட்டார் போட்ட பிறகு சில நாள் ஓடியது உண்மை. பிறகு வற்றிவிட்டது. மிச்சப் பணத்துக்கும் ஆழம் ஓட்டினோம், புகைதான். சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு. கயிறு விட்டு அளந்து பார்க்க வேண்டுமானாலும், ரிக் வண்டிக்காரரிடம் பேச வேண்டுமானாலும் செய்யலாம் என்றேன்.

அவர் என்னைக் கேட்காமல் ராக்குவைக் கேட்டார். "தண்ணி வருதுன்னு சொன்னியே."

"நீ அனுப்புனது மண்ணோட போச்சுன்னு நான் சொல்லணுமாண்ணே?" என்று சொல்லிவிட்டு ராக்கு அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இருளப்பன் மூடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"போரு பொய்க்கிறது எங்களுக்குப் புதுசா சார்?" என்றார். இப்போது அவர் சாரைப் பார்த்துப் பேசினார். "எங்கய்யா வெட்டுன கெணறு எத்தனையோ வெறும் பாறையாப் போயிருக்கு. அன்னைக்கும் அவருக்குக் கூலி குடுத்தாக. தண்ணி வரலன்னு யாரும் அவரத் திருடன்னு சொன்னதில்ல. ஏன்னா குழி அங்கனயே தெறந்து கெடக்கும், எட்டிப் பாத்துக்கலாம். நீங்க மூடி போட்டு வச்சிட்டீகளே சார். இத்தனை மாசமா நாங்க அங்க குலவையக் கேட்டுக்கிட்டு இருக்கோம். அதுதான் சார் வலிக்குது."

சார் பேசாமலே தப்பித்திருக்கலாம். ஆனால் ஜீப்புக்குப் போய், அந்தப் பலகையை எடுத்து வந்து, பேப்பரைப் பிரித்துக் கீழே வைத்தார்.

"இத அங்கிட்டுப் பஞ்சாயத்துத் தொட்டில மாட்டி, அதுதான் ஒங்க தண்ணின்னு காட்டலாம்னு இருந்தேன் தம்பி. இந்தம்மா விடல" என்றார். "திங்கல தம்பி. ஒத்தக் காசு திங்கல. ஆனா அத எப்படிக் காட்டுறதுன்னு எனக்குத் தெரியல."

கல்

இருளப்பன் பலகையை ஒரு முறை படித்தார். பிறகு டிரைவரிடம் ஸ்பேனர் வாங்கி மூடியைக் கழற்றினார். வெல்டர் கை. நாங்கள் முடுக்கிய நேரத்தில் பாதிகூட அவருக்கு ஆகவில்லை. தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, போனை ராக்குவிடம் கொடுத்து, "குழாய் வாய்க்குக் கிட்ட வச்சுப் பிடி. சத்தம் விழணும்" என்றார்.

கல்லைப் போட்டார். குழாயில் தட்டித் தட்டிப் போனது. சத்தம் சிறுத்துக்கொண்டே போனது. நின்றுவிட்டது என்று நினைத்தபோது இன்னும் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், வெகு ஆழத்தில், காய்ந்த இடத்தில் விழுகிற ஒரு சத்தம். தண்ணீரில் விழுகிற கல் அப்படி விழாது. கிணறு தெரிந்த ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

போனில் போட்டுப் பார்த்தார். காற்று இரைச்சலில் கடைசிச் சத்தம் பதிவாகவில்லை.

"சார், இன்னொரு தடவ நீங்க போடுங்க. நான் பிடிக்கிறேன். சிங்கப்பூருக்கு அனுப்பணும்" என்றார்.

அழுதுகொண்டிருந்த ராக்கு பக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இருளப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக்கா?" என்றார். அவர் ரூமில் கேட்டுக்கொண்டிருப்பது இரண்டாவது குலவை, அது போனுக்காகப் போட்டது, முதல் குலவை அந்தக் காட்டோடு போய்விட்டது என்று ராக்குதான் சொன்னாள். இருளப்பன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரும் சிரித்தார்.

தனபாலன் சார் குனிந்து கல் எடுத்தார். கல்லைக் குழாய் வாய்க்குள் அவர் போடுவதும் வீடியோவில் இருக்கிறது. இந்த முறை சத்தம் சரியாக விழுந்தது. அதே வீடியோவில் இருளப்பன் பேசினார். "இதுதான்டா நம்ம போரு. கேட்டீகளா? காசு இதுக்குள்ளதான் கெடக்கு. யாரும் திங்கல. மொதல்ல தண்ணி வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. நமக்குச் சொல்லாம விட்டுட்டாக. இன்னைக்குச் சொல்லிட்டாக."

அவர் சொன்ன எதையும் நாங்கள் மறுக்கவில்லை. மறுக்க ஒன்றும் இல்லை.

ரூமிலிருந்து உடனே பதில் வரவில்லை. அந்த நேரம் இருளப்பனுக்குத்தான் கஷ்டம். மூடியை முடுக்கிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பதில்கள் வந்தன. ஒருவர் தன் பங்கைத் திருப்பிக் கேட்டார். கேட்பது அவர் உரிமை, கொடுத்துவிட்டோம். ஒருவர் திட்டினார். இருளப்பனைத் திட்டவில்லை, எங்களைத்தான். சோறு வடிக்கும்போது குலவை கேட்கும் அந்த மேசன் மட்டும் பேசி அனுப்பியிருந்தார். "எங்க ஊர்லயும் இந்தக் கதைதான்டா. விட்டுத்தள்ளு. மூடிய மட்டும் நல்லா முடுக்கிட்டு வா. புள்ளைக எதுவும் விழுந்துறப் போகுது."

அதை இருளப்பன் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பிறகு ராக்குவிடம், "தல நிமிந்து படுத்துக்குவேன், போ" என்றார்.

பலகை

தகரப் பலகையை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. இங்கேயே நடுங்கள் என்றார் இருளப்பன். சும்மா சொல்கிறார் என்று நினைத்தோம். பெயிண்டரைக் கூப்பிட்டு இன்னும் ஒரு வரி எழுதவைத்து, போருக்குப் பக்கத்தில் நட்டுவிட்டுத்தான் மதுரைக்கு பஸ் ஏறினார். இன்றைக்கும் இருக்கிறது. "உபயம்: சிங்கப்பூர் நண்பர்கள். தண்ணீர் இல்லை."

போகிற வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதன் பிறகு அந்த ஊரில் எங்களை யாரும் கழிவு எவ்வளவு என்று கேட்டதில்லை. மற்ற ஊர்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சார் அதன் பிறகு மாறினார் என்று சொன்னால் கதை போல இருக்கும். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அடுத்த ரிப்போர்ட்டிலும் "தண்ணீர் போதிய அளவில் கிடைக்கவில்லை" என்றுதான் எழுதினார். போதிய அளவில் என்பதை நான் அடித்தேன். கோபித்துக்கொண்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அடித்தது அடித்தபடியேதான் போனது.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம், டிரஸ்ட்டை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்று ஜனங்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்கிறார்கள். நான் எங்களை நம்புங்கள் என்று சொன்னதில்லை. எந்த டிரஸ்ட்டானாலும், அவர்கள் செய்து சரியாக வராத வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் என்பேன். கூட்டிப் போய்க் காட்டினால் யோசித்துக் கொடுக்கலாம். எங்களுக்கு எல்லாப் போரிலும் தண்ணீர் வந்தது என்று ஒருவர் சொன்னால் கொடுக்க வேண்டாம். எங்கள் சீமையில் அப்படி ஒரு பூமி கிடையாது.

அந்த ரூம்காரர்கள் மறுபடி பணம் அனுப்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து அனுப்பினார்கள். இந்த முறை ஊருணிக்கு. மண் தூர்ந்து கிடந்த வரத்துக்கால்வாயில் கருவேலத்தைப் பிடுங்கி, மழைத் தண்ணீர் ஊருணிக்கு வரும்படி வெட்டிவிட வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை. மழை பெய்யாவிட்டால் வெறும் ஊருணியை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

வேலையை முடித்தோம். அந்த ஐப்பசி ஏமாற்றிவிட்டது. சார் வெயிலில் நின்று, வெடித்துக் கிடந்த ஊருணியை நாலு பக்கமும் வீடியோ எடுத்து அனுப்பினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே போனார்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. வரத்துக்காலில் கரிசல் மண் கலந்து தண்ணீர் வருகிறது என்று ராக்கு போன் பண்ணினாள். நாங்கள் போய்ச் சேர்வதற்கும் தண்ணீர் ஊருணிக்குள் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. பெண்கள் கரையில் நின்று குலவை போட்டார்கள். சார் அவசரமாகப் பையிலிருந்து போனை எடுத்தார். மழையில் நனைந்த விரலுக்கு லாக் திறக்கவில்லை. திறந்தபோது குலவை முடிந்துவிட்டது.

பெண்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இப்போது கேட்பார் என்று காத்திருந்தார்கள். ராக்கு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். சார் போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு பையில் போட்டார்.

ராத்திரி இருளப்பன் எனக்குப் போன் பண்ணினார். போட்டோ வந்தது, ரூமில் எல்லோரும் பார்த்தோம் என்றார். பிறகு, "குலவை போட்டாகளாக்கா?" என்று கேட்டார்.

"போட்டாக தம்பி. ஒரே ஒரு தடவ" என்றேன்.